பூமி எப்போதும் மாறித்தான் வந்திருக்கிறது, இந்த முறை எதனால்?

இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ராமநாதபுரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம். அப்போது கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல் என்பதால் அன்றைக்கு அது வெறும் தரை. வற்றிப்போன அந்தத் தண்ணீரெல்லாம் கனடாவின் மீதும் வட ஐரோப்பாவின் மீதும் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளங்களாக உட்கார்ந்திருந்தது.

பருவநிலை மாற்றம் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் கேட்பார்: "பூமி எப்பவுமே சூடாகியும் குளிர்ந்தும்தானே வந்திருக்கு, இதுல மனுஷன் எங்க வந்தான்?" நல்ல கேள்வி. இதைக் கேட்பவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்குவது தவறு. இயற்கைக் காரணங்கள் உண்மையில் இருக்கின்றன, அவை பெரியவை. ஆனால் ஒவ்வொரு காரணமும் பூமியைச் சூடாக்கும் வழி வேறு. சூரியன் சூடாக்கினால் ஒரு மாதிரித் தடம் விழும், கடல் சூடாக்கினால் இன்னொரு மாதிரி, கரியமில வாயு சூடாக்கினால் வேறொரு மாதிரி. அந்தத் தடங்களை அளக்கவும் முடியும். அதனால் இது கருத்துச் சண்டைக்கான விஷயமே இல்லை. வரவு செலவு பார்க்கிற விஷயம்.

பனியுகங்களிலிருந்தே தொடங்கலாம். அவற்றைக் கொண்டுவந்ததும் அனுப்பிவைத்ததும் பூமி சுற்றும் விதத்தில் வரும் மாற்றங்கள். இந்தக் கணக்கை முழுமையாகப் போட்டவர் செர்பியாவின் மிலுட்டின் மிலன்கோவிச். மூன்று அசைவுகள் இதில் இருக்கின்றன. பூமியின் பாதை ஏறக்குறைய வட்டமாக இருந்து சற்றே நீள்வட்டமாகித் திரும்பவும் வட்டத்தை நெருங்க ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகள். அச்சின் சாய்வு 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே போய்வர 41,000 ஆண்டுகள் (இப்போது 23.4, குறைந்துகொண்டிருக்கிறது). பம்பரம் தலையாட்டுவதுபோல அச்சு ஒரு சுற்றுத் திரும்புவதால் பருவங்கள் பாதையில் இடம் மாற சுமார் 23,000 ஆண்டுகள். இப்போது பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், நம் மார்கழிக் குளிரில். அப்போது தொலைவு 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி.

ஆண்டு முழுவதற்கும் பூமி பெறும் வெயிலை இந்த அசைவுகள் பெரிதாக மாற்றுவதில்லை. எந்த மாதத்தில், எந்த அட்சரேகையில் வெயில் விழுகிறது என்பதைத்தான் மாற்றுகின்றன. முக்கியமான இடம் வட அரைக்கோளத்தின் 65 பாகை. அங்கே கோடை வலுவிழந்தால் குளிர்காலப் பனி முழுதாக உருகாமல் அடுத்த குளிர்காலத்துக்கு மிஞ்சும். மிஞ்சிய வெண்பனி வெயிலைத் திருப்பியடிக்கும், இன்னும் குளிரும், குளிர்ந்த கடல் இன்னும் கொஞ்சம் கரியமில வாயுவை உள்ளிழுக்கும், அதனால் மேலும் குளிரும். அண்டார்டிகாவில் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளில் சிக்கியிருக்கும் காற்றுக் குமிழ்கள் 8,00,000 ஆண்டுக் கதையை வைத்திருக்கின்றன. பனியுகத்தில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180 பங்கு, இடைப்பட்ட வெப்பக் காலங்களில் 280 பங்கு. இந்த அளவைத்தான் பிபிஎம் என்கிறோம். அந்த எட்டு லட்சம் ஆண்டுகளில் ஒருமுறைகூட அது 300ஐத் தாண்டி அதிகம் போனதில்லை.

பனித்தண்டைக் காட்டியே எதிர்வாதமும் வரும்: முதலில் வெப்பம் ஏறியது, வாயு சில நூறு ஆண்டுகள் கழித்துத்தான் ஏறியது, ஆகவே வாயு காரணம் இல்லை என்று. அந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தது வாயு இல்லை என்பது சரிதான், சுற்றுப்பாதைதான் தொடங்கியது. ஆனால் அது கொடுத்த சிறு தள்ளலைப் பெருக்கியது பனியும் வாயுவும். வாயு கணக்கில் இல்லாமல் 5, 6 டிகிரி மாற்றத்தை எட்டவே முடியாது. இன்றைக்கு நடப்பது வேறு வரிசை. நிலத்தடியிலிருந்த கரியை (கார்பனை) நாமே எடுத்து மேலே விடுகிறோம், வெப்பம் பின்னால் வருகிறது.

வேகத்தையும் பார்க்க வேண்டும். பனியுகம் முடிய ஏறத்தாழ 7,000 முதல் 10,000 ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்தில் ஏறியது 5 முதல் 6 டிகிரி, அதாவது நூற்றாண்டுக்குச் சராசரியாக 0.1 டிகிரிக்கும் குறைவு. இப்போது பத்தாண்டுக்கே 0.2 டிகிரி ஏறுகிறது. அதோடு, மிலன்கோவிச் கணக்குப்படி கடந்த சுமார் 6,000 ஆண்டுகளாக வட கோடை வெயில் குறைந்துகொண்டே வருகிறது. பாதை மட்டுமே காரணமாக இருந்தால் நாம் மிக மெதுவாகக் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

கொடைக்கானலில் இருக்கும் பதில்

அடுத்தது சூரியன். இந்தக் கேள்விக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியப் புள்ளிகளுக்கும் மழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று தேட வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. கொடைக்கானலில் 1899ல் சூரிய ஆய்வகம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே 1904 முதல் சூரியனின் படங்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன. உலகில் இவ்வளவு நீண்ட தொடர் படப்பதிவுகள் மிகக் குறைவு.

சூரியப் புள்ளிகள் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அத்தோடு வெயிலும் ஏறி இறங்குகிறது. எவ்வளவு என்பதை 1978 முதல் செயற்கைக்கோள்கள் நேராக அளக்கின்றன. காற்றுமண்டலத்தின் உச்சியில், சூரியனைப் பார்த்து நிற்கும் ஒரு சதுர மீட்டருக்கு வரும் வெயில் சுமார் 1,361 வாட். 11 ஆண்டுச் சுழற்சியில் இது மாறுவது ஏறக்குறைய 1 வாட்.

அந்த 1 வாட்டை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் பிழை. பூமி ஒரு உருண்டை, அதன் முழுப் பரப்புக்கும் பரப்பினால் நான்கால் வகுக்க வேண்டும். விழும் வெயிலில் 30 சதவீதத்தை மேகமும் பனியும் மணலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன, அதையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவது சதுர மீட்டருக்கு சுமார் 0.18 வாட். அதுவும் ஏறி இறங்குகிற எண், ஏறிக்கொண்டே போகிற எண் அல்ல. செயற்கைக்கோள் அளவுகள் தொடங்கிய இந்த 45 ஆண்டுகளில் சூரியன் பிரகாசமாகிவரும் போக்கே இல்லை. வெப்பம் வேகமாக ஏறியது அதே 45 ஆண்டுகளில்தான்.

இதைவிட உறுதியான தடம் ஒன்று இருக்கிறது, எனக்கு எல்லாவற்றிலும் மிக முக்கியமாகப் படுவது அதுதான். சூரியன் பலமாகக் காய்ந்தால் காற்றுமண்டலம் மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்கிலும் சூடாக வேண்டும். கரியமில வாயு அதிகமானால் கீழ் அடுக்கு சூடாகும், 15, 20 கிலோமீட்டருக்கு மேலே உள்ள அடுக்கு குளிரும். தடித்த கம்பளியைப் போர்த்திக்கொண்டால் உள்ளே கதகதப்பாக இருக்கும், கம்பளியின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் முன்பைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதுபோல ஓரளவுக்கு யோசிக்கலாம். கறாராகச் சொன்னால், அந்த உயரத்தில் கூடுதல் கரியமில வாயு தான் பிடிப்பதைவிட அதிக வெப்பத்தை விண்வெளிக்கு உமிழ்கிறது. இப்படி நடக்கும் என்று 1967ல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணக்கிட்டுச் சொன்னார்கள், அளந்து பார்க்கச் செயற்கைக்கோள் வருவதற்கு முன்பே. பிறகு அளந்தபோது அப்படியே இருந்தது. மேலடுக்குக் குளிர்ச்சியின் கீழ்ப்பகுதிக்கு ஓசோன் குறைந்ததும் ஒரு காரணம். ஆனால் அதற்கும் மேலே, ஓசோனால் மட்டும் விளக்க முடியாத உயரத்திலும் குளிர்ந்திருக்கிறது. மனாபேவுக்கு 2021ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

எரிமலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெரிய எரிமலை வெடித்தால் பூமி குளிரும். கந்தக வாயு மேலடுக்குக்குப் போய் நுண்துளிகளாகி வெயிலை மறைக்கும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்து, அடுத்த ஆண்டு உலகச் சராசரி சுமார் அரை டிகிரி இறங்கியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் துளிகள் படிந்து பழைய நிலை திரும்பிவிட்டது. 1815ல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்ததால் 1816ல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. எரிமலைகள் கரியமில வாயுவையும் விடுகின்றன, உண்மை. ஆண்டுக்கு 50 கோடி டன்னுக்கும் குறைவு. நாம் எரிபொருளாலும் சிமெண்டாலும் விடுவது 3,700 கோடி டன்.

எல் நினோ, அதாவது சில ஆண்டுக்கு ஒருமுறை பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாவது? தாது வருடப் பஞ்சத்தின்போது பசிபிக்கில் இருந்தது மிக வலுவான ஒரு எல் நினோ. நம் மழையை அது புரட்டிப்போடும். உலகச் சராசரியையும் ஓரிரு ஆண்டுக்கு 0.1, 0.2 டிகிரி தூக்கும். 2024 பதிவிலேயே மிக வெப்பமான ஆண்டாகி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.55 டிகிரி மேலே போனதற்கு எல் நினோவும் கைகொடுத்தது. ஆனால் எல் நினோ புது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, கடலுக்குள் இருப்பதைக் காற்றுக்கு மாற்றுகிறது. அதுதான் மூல காரணம் என்றால் காற்று சூடாகும்போது கடல் குளிர்ந்திருக்க வேண்டும். உலகக் கடல்களில் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம்வரை மூழ்கி எழுந்து வெப்பத்தை அளக்கின்றன. கடல் குளிரவில்லை. கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்தை விழுங்கிக்கொண்டிருப்பதே கடல்தான்.

அந்த வாயு யாருடையது

காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். பூமி உமிழும் வெப்பக் கதிர் இந்த இரண்டையும் கண்ணாடிபோல ஊடுருவிப் போய்விடும். தடுப்பது நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்ற சிறுபான்மை வாயுக்கள். 1856ல் யூனிஸ் ஃபூட், கரியமில வாயு நிரப்பிய குழாய் வெயிலில் அதிகம் சூடாவதைக் கண்டார். 1859ல் ஜான் டின்டால் அந்த வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதை ஆய்வுக்கூடத்தில் அளந்தார். இவை எதுவும் இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரி. இருப்பதால் பிளஸ் 15. ஆகவே "0.04 சதவீத வாயு என்ன செய்துவிடும்" என்று கேட்டால், மொத்தக் காற்றோடு ஒப்பிடக் கூடாது, வெப்பத்தைத் தடுக்கும் வாயுக்களோடு ஒப்பிட வேண்டும் என்பதுதான் பதில். நீராவிதான் எல்லாவற்றிலும் பெரியது, ஆனால் அது பத்து நாளில் மழையாக இறங்கிவிடும். காற்று எவ்வளவு சூடோ அவ்வளவுதான் நீராவி தாங்கும், டிகிரிக்கு 7 சதவீதம் கூடுதலாக. அது தானாகத் தொடங்காது, மற்றொன்று தொடங்கியதைப் பெருக்கும்.

காற்றில் கரியமில வாயு 1750 வாக்கில் 280 பிபிஎம். ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் 1958ல் அளக்கத் தொடங்கியபோது 315. 2024ல் 424ஐ ஒட்டி. இந்த ஏற்றம் எங்கிருந்து என்பதற்கு மூன்று தனித்தனி சாட்சிகள் இருக்கின்றன.

முதலாவது கார்பன்-14. கார்பனின் கதிரியக்க வகையான இது காற்றில் உருவாகி 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது துளியும் இருக்காது. காற்றில் அந்தப் பழைய கரி கலந்தால் கார்பன்-14ன் விகிதம் நீர்க்க வேண்டும். மரங்களின் வளையங்களில் அது நீர்த்திருப்பதை ஹான்ஸ் சூயெஸ் 1955ல் காட்டினார். 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் கார்பன்-14ஐ ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிட்டதால் அதற்குப் பிந்தைய அளவுகளை அந்தப் பாதிப்பைக் கழித்தே படிக்க வேண்டும். சூயெஸ் பார்த்த மரங்கள் அதற்கு முந்தியவை.

இரண்டாவது கார்பன்-13, கார்பனின் சற்றே கனமான வகை. செடிகள் உணவு தயாரிக்கும்போது இலேசான கார்பன்-12ஐ விரும்பி எடுக்கும். நிலக்கரியும் எண்ணெயும் செத்த செடி, பாசிகளின் எச்சம், ஆகவே அவற்றில் கார்பன்-13 குறைவு. காற்றிலும் அது குறைந்துகொண்டே வருகிறது. எரிமலை வாயுவாக இருந்தால் இப்படிக் குறைய வாய்ப்பில்லை.

மூன்றாவது ஆக்சிஜன். எரிந்தால் ஆக்சிஜன் செலவாகும். சார்லஸ் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் மிக நுட்பமான அளவுகளால் இதைக் காட்டிவருகிறார். காற்றில் ஆக்சிஜன் ஆண்டுக்கு பத்து லட்சத்தில் சுமார் 4 பங்கு குறைகிறது. (மூச்சு முட்டிவிடும் என்ற பயம் வேண்டாம், 20.9 சதவீதத்தில் இது ஒன்றுமே இல்லை.) கடலோ எரிமலையோ வாயுவை விட்டிருந்தால் ஆக்சிஜன் குறையக் காரணமில்லை. கடலைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. அதன் பி.எச் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் அளவு) 8.2லிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது. வாயுவை விடும் கடல் இப்படி அமிலத்தின் பக்கம் நகராது. வாங்கும் கடல்தான் நகரும்.

இப்போது நேரடிக் கணக்கு. காற்றில் 1 பிபிஎம் ஏற 780 கோடி டன் கரியமில வாயு வேண்டும். எரிபொருள், சிமெண்ட் 3,700 கோடி, காடழிப்பு முதலியவை சுமார் 400 கோடி, மொத்தம் 4,100 கோடி டன். 780ஆல் வகுத்தால் 5.3 பிபிஎம். ஆனால் ஆண்டுக்கு ஏறுவது சராசரியாக 2.5க்குள். பாதி எங்கே? காடுகளும் கடலும் எடுத்துக்கொள்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது, இயற்கை மொத்தத்தில் வாங்கும் பக்கம் நிற்கிறது, கொடுக்கும் பக்கத்தில் இல்லை. இயற்கையின் மூச்சு நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது என்பது உண்மை. ஏரிக்கு வரத்து வாய்க்காலில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் மதகு வழியாகப் போய்க்கொண்டிருந்தால் நீர்மட்டம் அசையாது. புதிதாக ஒரு சின்ன வாய்க்காலை வெட்டிவிட்டால், அது சின்னதாக இருந்தாலும் ஏரி நிரம்பிக்கொண்டே போகும்.

நாம் மூச்சுவிடுவதால் கூடுகிறதா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இல்லை. நாம் விடும் கரி, சாப்பிட்ட சோற்றிலிருந்து வந்தது. அந்தச் சோறு போன பருவத்தில் காற்றிலிருந்து எடுத்தது.

எரிபொருளுக்கு அப்பால்

எரிப்பதைக் கணக்கிட ஒரே ஒரு எண் போதும்: 3.67. கரியின் அணு எடை 12. இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தால் 44. எரிபொருளில் உள்ள கரியின் எடையை 44/12ஆல் பெருக்கினால் வாயுவின் எடை. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகூட இல்லை, அதிலிருந்து எப்படி 2.3 கிலோ வாயு வரும் என்று சந்தேகப்படுவார்கள். பெட்ரோலில் கரி 0.64 கிலோ, மீதி எடை காற்றிலிருந்து சேர்ந்த ஆக்சிஜன். டீசல் லிட்டருக்கு 2.6. வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ எரிந்து முடிந்தால் சுமார் 42 கிலோ.

சிமெண்டுக்கு இந்தக் கணக்கு போதாது. அங்கே கல்லே வாயு விடுகிறது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்லுக்குள் சிப்பிகளும் கடல் உயிர்களின் எச்சங்களும் கிடக்கும். டைனோசர் காலத்துக் கடல், காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்துப் பூட்டிவைத்த கரி அது. சூளையில் 1,450 டிகிரிவரை சூடாக்கும்போது ஒவ்வொரு 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லிலிருந்தும் 44 கிலோ வாயு பிரிந்துபோய் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு நிற்கும். சூளையிலிருந்து வரும், அரைத்தால் சிமெண்டாகும் கட்டிதான் கிளிங்கர். ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டும் 500 கிலோவுக்கு மேல், சூளைக்கு எரிக்கும் எரிபொருளையும் சேர்த்தால் சுமார் 850 கிலோ. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் முதல் பாதி போகாது.

வீடு கட்டுபவர் செய்யக்கூடியது கிளிங்கர் குறைந்த சிமெண்டை எடுப்பது. சாதா சிமெண்டான ஓபிசியின் 50 கிலோ மூட்டையில் கிளிங்கர் சுமார் 47 கிலோ, வாயு 40 கிலோ. 30 சதவீதம் நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி மூட்டையில் வாயு 28 கிலோ அளவுக்கு இறங்கும். இதில் எங்கே கெடுகிறது என்றால், சாம்பல் சிமெண்ட் தொடக்கத்தில் மெதுவாகத்தான் இறுகும். ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்றினால் போதும், பிபிசிக்கு 10 நாளாவது வேண்டும் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456ன் விதி. நம் வெயிலுக்கு 14 நாள் நல்லது. பழைய பழக்கத்தில் ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டு, சென்ட்ரிங்கையும் அதே நாளில் பிரித்துவிட்டு, "பிபிசி சரியில்லை" என்று சொல்லும் வேலைகள் நிறைய.

நெல் வயலில் வருவது மீத்தேன். தண்ணீர் கட்டி நிற்கும்போது சில நாட்களில் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதற்குப் பின் மக்கும் வைக்கோல், வேர்க்கசிவு ஆகியவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். அது பெரும்பாலும் குமிழியாக வராது. வேருக்குக் காற்று கொண்டுபோக நெற்பயிர் வைத்திருக்கும் உட்குழல்கள் வழியாகவே மேலே ஏறிவிடும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கிலோவுக்கு கரியமில வாயுவைப்போல 28 மடங்கு சூடாக்கும். எப்போதும் நீர் நிற்கும் வயலுக்கு உலகப் பொது மதிப்பாக ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு சுமார் 1.2 கிலோ எடுத்துக்கொள்வார்கள் (தெற்காசியாவுக்கு அதைவிடக் குறைவாகக் கொள்வதும் உண்டு). நூறு நாளில் ஏக்கருக்கு 48 கிலோ மீத்தேன். கரியமில வாயுக் கணக்கில் 1,300 கிலோவுக்கு மேல்.

இதைப் பாதியளவு குறைக்கும் முறைக்கு நம்மிடம் பெயரே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். செய்முறை இது. 30 சென்டிமீட்டர் நீளம், 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள பிவிசி குழாய்த் துண்டு எடுத்து, அடிப்பாதியில் சுற்றிலும் துளையிட வேண்டும். துளையுள்ள பகுதி மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, குழாய்க்கு உள்ளே அடைந்த மண்ணை அள்ளிவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் குழாய் காட்டும் அளவு பொய். வரப்போரம் ஊன்றினாலும் பொய், கசிவு அங்கே அதிகம். வயலின் சராசரி மேடுள்ள இடமாகப் பார்த்து, கைக்கு எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். நடவு முடிந்து இரண்டு வாரம் வரை, களை அடங்கும் வரை, வழக்கம்போல நீர் கட்டலாம். பிறகு குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்வரை விட்டு, 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் காயவிடக் கூடாது, பதர் கூடிவிடும்.

இந்த முறை எல்லா இடத்துக்கும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். டெல்டாவில் குறுவைக்கு ஆகும். சம்பாவில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வடித்தாலும் வடியாது. வெடிப்பு விடும் அளவுக்குக் காயவிட்டால் அடுத்த தண்ணீர் வெடிப்பு வழியாகவே இறங்கிவிடும், மிச்சம் பிடித்த நீரெல்லாம் போயிற்று. யூரியாவைக் காய்ந்த நிலத்தில் வீசி, அதன்மேல் நீர் பாய்ச்சி, திரும்பக் காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அது கரியமில வாயுவைப்போல 273 மடங்கு. மேட்டுநிலப் பயிர்களில் இடும் நைட்ரஜனில் 1 சதவீதம் இப்படிப் போவதாகக் கணக்கு வைத்தால், 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு சுமார் 90 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பச்சை வைக்கோலை நடவுக்குச் சற்று முன் மடக்கி உழுவதும் மீத்தேனைக் கூட்டும். அதையே ஒரு மாதம் முன்னதாக உழுதாலோ மக்கவைத்துப் போட்டாலோ வெகுவாகக் குறையும்.

ஏசியில் இருக்கும் வாயுவைப் பற்றித்தான் நம்மிடம் பேச்சே இல்லை. குளிர்பதன வாயுக்கள் வெப்பத்தைப் பிடிக்கும் என்று 1975ல் முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் வீரபத்ரன் ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். ஓசோன் ஓட்டையையும் புவி வெப்பத்தையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இந்த வாயுக்களால்தான். பழைய குளிர்பதன வாயுவான சிஎஃப்சி இரண்டையும் செய்தது. ஆனால் ஓட்டை வழியாக வெயில் இறங்கி பூமி சூடாகவில்லை. ஓட்டை வழியாக வருவது தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர். இன்றைய ஏசி வாயுக்கள் ஓசோனைத் தொடாது, ஆனால் ஆர்-410ஏ கரியமில வாயுவைப்போல 2,088 மடங்கு, ஆர்-32 675 மடங்கு. ஒரு கிலோ ஆர்-410ஏ கசிந்தால் 900 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். ஒவ்வொரு கோடைக்கும் "கேஸ் டாப்-அப்" செய்யும் ஏசி என்றால் அதில் கசிவு இருக்கிறது என்றுதான் பொருள், வாயு தானாகத் தீராது. பெரும்பாலும் கசிவது, குழாய் முனையை விரித்து நட்டால் இறுக்கும் ஃப்ளேர் இணைப்பில். செப்புக் குழாயை வெட்டிய பிசிறை எடுக்காமல் விரித்தாலும், நட்டை அளவுக்கு மீறி முறுக்கினாலும் அங்கே மயிரிழை வெடிப்பு விடும். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வீடு மாறும்போது பம்ப் டவுன் செய்யாமல் கழற்றினால் உள்ளே இருப்பது அத்தனையும் காற்றுக்குப் போகும். திரவக் குழாயின் வால்வை மூடி, குளிர்விக்கும் நிலையில் சில நிமிடம் ஓடவிட்டு, வாயு முழுவதும் அவுட்டோருக்குள் சேர்ந்ததும் மற்ற வால்வையும் மூடி நிறுத்த வேண்டும். அரை மணி வேலைகூட இல்லை.

நாம் செய்வதில் குளிர்விப்பதும் ஒன்று உண்டு. நிலக்கரிப் புகையிலும் கப்பல் எண்ணெயிலும் உள்ள கந்தகம் எரிமலைபோலவே வெயிலை மறைக்கிறது. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கைப்படி, 1750க்கும் 2019க்கும் இடையே சதுர மீட்டருக்குக் கரியமில வாயு கூட்டியது 2.16 வாட், மீத்தேன் 0.54, நைட்ரஸ் ஆக்சைடு 0.21, புகைத்துகள்கள் கழித்தது ஏறத்தாழ 1.1. இங்கே சொல்லாத மற்ற வாயுக்களையும் சேர்த்தால் மொத்த மனிதப் பங்கு 2.7 வாட். சூரியனின் நிகரப் பங்கு பூஜ்யத்தை ஒட்டி. 1901 முதல் 2018 வரை இந்தியா 0.7 டிகிரிதான் சூடாகியிருக்கிறது, உலக நிலப்பரப்பின் சராசரியைவிடக் குறைவு. நம் வானத்தின் புகைமூட்டமும் பாசனமும் அதற்குக் காரணங்கள். புகை ஓரிரு வாரத்தில் மழையில் இறங்கிவிடும். நூற்றாண்டுகள் நிற்கும் வாயு அதன் பின்னால் இருக்கிறது. நெஞ்சைக் கெடுக்கும் புகையைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் வாயுவைக் குறைக்காமல் புகையை மட்டும் குறைத்தால் மறைந்திருந்த சூடு வெளியே தெரியும்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போட ஒரு தாள் போதும். இரண்டு மாத மின்கட்டணச் சீட்டில் உள்ள யூனிட்டை 0.7ஆல் பெருக்குங்கள், இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்கு ஏறத்தாழ அவ்வளவு கிலோ கரியமில வாயு. 400 யூனிட் என்றால் 280 கிலோ, ஆண்டுக்கு 1,680. எட்டு சிலிண்டர் 340. மாதம் 20 லிட்டர் பெட்ரோல் 550. ஏசியில் 800 கிராம் ஆர்-32 இருந்து ஒருமுறை முழுதாகக் கசிந்தால் 540, கிட்டத்தட்ட ஒரு வருடத்துப் பெட்ரோல். காரில் நான்கு பேர் போனால் நான்கால் வகுக்கலாம், ஏசியை வகுக்க முடியாது. மாடியில் சோலார் வைத்திருப்பவர்கள் செய்யும் பிழை, பகலில் வீட்டுக்குள்ளேயே செலவான சூரிய மின்சாரத்தைத் திரும்பவும் கழிப்பது. அது ஏற்கெனவே மீட்டரில் ஏறாமல் குறைந்துவிட்டது. நெட் மீட்டரில் வாங்கியது, கொடுத்தது என இரண்டு எண்கள் வரும். 0.7ஆல் பெருக்க வேண்டியது வாங்கிய எண்ணை.